‘யாரும் பார்க்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாய்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 22. நர்ஸிங் முடித்துவிட்டு அடுத்த மாதம் ஆபரேஷன் தியேட்டரில் வேலைக்குச் சேரப் போகிறேன். சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகமாக இருக்கிறது. கருவிகளின் பெயர்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன், மறுநாளே பாதி மறந்துவிடுகிறது. சர்ஜன்கள் கோபக்காரர்கள், கருவியைத் தூக்கி வீசுவார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். மணிக்கணக்கில் நிற்கும்போது மயக்கம் வந்தால் என்ன செய்வது? எனக்கு ஏற்கெனவே கை நடுங்கும். படிக்கும்போது, மெஷ் என்ற வலை வைக்கும் ஹெர்னியா (குடலிறக்கம்) கேஸ் ஒன்றுக்கு ஸ்க்ரப் ஆனேன், அதாவது கை கழுவி, கவுனும் கிளவுஸும் போட்டு, சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்க நின்றேன். டிரேயை நகர்த்தும்போது பதற்றத்தில் என் கை மேசை விளிம்புக்குக் கீழே பட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. நல்லவேளை, பேஷண்ட் மூன்றாம் நாளே நன்றாக வீட்டுக்குப் போய்விட்டார். “புது இடம், வாயைத் திறக்காமல் இருந்து நல்ல பெயர் வாங்கு” என்கிறார் அம்மா. எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க நான் எப்படித் தயாராக வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: என் மகளைவிடச் சின்னவள் நீ. அதனால் ‘நீங்கள்’ போடாமலே எழுதுகிறேன்.

முப்பது வருடம் தியேட்டரில் நின்றவள் நான். உன் கடிதத்தை வேறு வேறு கையெழுத்துகளில் எத்தனையோ முறை படித்துவிட்டேன். கருவி பெயர் மறக்கிறது, சர்ஜன் திட்டுவார், தலை சுற்றும். ‘கவலைப்படாதே, போகப் போகச் சரியாகிவிடும்’ என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பாய். ஆரம்பிக்கப் போவதில்லை. உன் கடிதத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நீ கொஞ்சமும் பயப்படாமல் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறாய்.

‘யாரும் பார்க்கவில்லை.’

நீ பார்த்தாய் அல்லவா? அப்புறம் எப்படி யாரும் பார்க்கவில்லை?

மேசையின் மேல்பரப்பு மட்டும்தான் ஸ்டெரைல், அதாவது கிருமியில்லாதது. விளிம்பைத் தாண்டித் தொங்கும் துணி, அன்று காலையில்தான் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து வந்திருந்தாலும், கணக்கில் சேராது. இது உனக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்தால் கை எங்கே பட்டது என்பதே உன் நினைவில் நின்றிருக்காது. பட்டதும் தெரிந்தது, அது தவறு என்பதும் தெரிந்தது, சுற்றிலும் ஒரு பார்வையும் பார்த்திருக்கிறாய். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதியானதும் அதே கையால் அடுத்த கருவியை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். கை பட்டதை விபத்து என்று விட்டுவிடலாம், எனக்கும் பட்டிருக்கிறது. சுற்றிப் பார்த்தாயே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அடுத்து அந்த ‘நல்லவேளை’. மூன்றாம் நாளில் என்னம்மா தெரியும்? சாதாரண அறுவை சிகிச்சை என்றால் காயத்தில் தொற்று வருகிறதா என்று 30 நாள் கண்காணிக்கச் சொல்கிறார்கள். ஹெர்னியா கேஸில் ஆழத்தில் வரும் தொற்றுக்கு அந்தக் கணக்கு 90 நாள் வரை நீள்கிறது. மெஷ் போன்ற வெளிப்பொருள் உள்ளே இருந்தால் மிகக் கொஞ்சம் கிருமியே போதும். அது மெஷ்ஷில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். அதற்குள் உன் போஸ்டிங் முடிந்து நீ வேறு வார்டில் இருந்திருப்பாய். அவர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருப்பார், இருக்கட்டும். ஆனால் உனக்கு அது தெரியாது. தெரியாததை ‘நல்லவேளை’ என்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டாய்.

ஒருவேளை சீழ் பிடித்திருந்தால்? சர்க்கரை எவ்வளவு என்று பார்த்திருப்பார்கள். காயத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டீர்களா, தண்ணீர் பட்டதா என்று அவரைக் கேட்டிருப்பார்கள். அவர் மனைவியையும் கேட்டிருப்பார்கள். வீட்டில் அந்த அம்மாள், தான்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று அழுதிருப்பார். காரணம் தெரிந்த ஒரே ஆள் எங்கோ உட்கார்ந்து கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்திருப்பாள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. சரி, கோபம்தான்.

அன்று நீ சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேசையிலிருந்து விலகி நிற்பாய். ஸ்க்ரப் ஆகாமல் சுற்றி நின்று உதவும் சர்க்குலேட்டிங் நர்ஸ் வந்து அந்த கிளவுஸை இழுத்துக் கழற்றுவார். ஸ்க்ரப் ஆன இன்னொருவர் புது கிளவுஸை விரித்துப் பிடிக்க, கையை உள்ளே விடுவாய். கவுனின் கையில் பட்டிருந்தால் கவுனையும் மாற்ற வேண்டும். பட்ட பிறகு நீ தொட்ட கருவிகள் டிரேயை விட்டு வெளியே போகும். கிளவுஸ் மட்டும் என்றால் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. சர்ஜன் ஒரு ‘ச்சு’ கொட்டியிருப்பார். அந்தச் ‘ச்சு’வைத் தாங்க முடியாமல் முன்பின் தெரியாத ஒரு மனிதரின் வயிற்றை அடகு வைத்தாய்.

கிளவுஸைப் பற்றி ஒரு பழைய கதை. அது தியேட்டருக்குள் வந்ததே நம்மைப் போன்ற ஒருத்திக்காகத்தான். 1889-90 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் நர்ஸுக்கு, அந்தக் காலத்துக் கிருமிநாசினியான மெர்குரிக் குளோரைடு பட்டுக் கைத்தோல் புண்ணாகிப் போனது. சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்து வாங்கிக் கொடுத்தார். 1890-இல் இருவருக்கும் கல்யாணமும் ஆயிற்று, அது வேறு கதை. நர்ஸின் கையைக் காப்பாற்ற வந்த அந்தப் பொருள் நோயாளியையும் காப்பாற்றுகிறது என்று புரிந்துகொள்ள மேலும் சில வருடங்கள் பிடித்தன. நீ அன்று 1890-லேயே நின்றுவிட்டாய். உன் கிளவுஸ் உன்னைத்தான் காப்பாற்றியது.

இனி உன் அம்மாவிடம் வருகிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. உன்னைப் படிக்கவைத்து இந்த வாசல்வரை கொண்டுவந்தவர். ஆனால் ‘வாயைத் திறக்காதே’ என்பது தியேட்டருக்கு ஆகாத புத்திமதி. பல வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால் கூரை பறக்கும் அளவுக்குச் சத்தம் வரும். அந்த வீட்டுப் பிள்ளைகள் உடைக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வதில்லை. உடைந்த சில்லுகளைக் குப்பைத்தொட்டியின் அடியில் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். குப்பையைக் கொட்டப் போகிறவர் கையில்தான் அது குத்தும். உன் வீடும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நீயே யோசித்துப் பார். கை பட்டதும் உனக்கு முதலில் வந்தது மறைக்கும் புத்தி. அதை நர்ஸிங் கல்லூரியில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

‘அந்த மேசையில் உன் அம்மாவே படுத்திருப்பதாக நினைத்துக்கொள்’ என்று சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். சொந்த அம்மாவுக்குச் செய்வது பாசம், அதற்குச் சம்பளமும் வேண்டாம், பதிவேடும் வேண்டாம். உனக்கு யாரோ ஒருவர், வழியில் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்ல மாட்டாய், அவருக்குச் செய்வதுதான் கடமை. மயக்க மருந்து ஏறிய பிறகு அவரால் எதையும் பார்க்க முடியாது. அவருக்காகப் பார்ப்பதற்குத்தான் உன்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ‘சர்ஜிக்கல் கான்ஷியன்ஸ்’ என்று வகுப்பில் பரீட்சைக்குப் படித்திருப்பாயே, அது இதுதான்.

வாயைத் திறக்காமல் இருக்க அங்கே உன்னை விடவும் மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் மொத்தம் 19 விஷயங்கள். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அப்போது அங்கிருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. சம்பிரதாயம் என்று சிரிக்காதே. ஒருமுறை வாய் திறந்தவளுக்கு இரண்டாவது முறை திறப்பது சுலபம், அதற்குத்தான் அந்த ஏற்பாடு. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அங்கே அறுவை சிகிச்சைக்குப் பின் நேர்ந்த மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. புது மருந்து, புது இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு தாளும், அதைச் சத்தமாகப் படித்த வாய்களும்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உபதேசம் செய்கிறாள் என்பாய். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வயிற்றை மூடுவதற்கு முன், ரத்தம் ஒற்றும் காஸ் துணிகளை எண்ணுகிறோம், ஒன்று குறைகிறது. மறுபடி எண்ணினோம், அப்போதும் குறைந்தது. கட்டைப் பிரிக்கும்போதே ஒன்று குறைவாக இருந்திருக்குமோ என்று மனசு ஒரு சமாதானம் தேடியது. ஏனென்றால் ஆரம்பத்தில் நான் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணவில்லை, கட்டைப் பார்த்து ‘பத்து’ என்றிருந்தேன். சர்ஜனின் கையில் தையல் ஊசி தயாராக இருந்தது. சொன்னேன். என்னைப் பெற்றவர்கள்வரை இழுத்துத் திட்டினார். தேடினோம். அவர் செருப்பின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அதே மனிதர் எதுவும் நடக்காதது போல, “என்ன சிஸ்டர், இன்னிக்கு லிஸ்ட் எத்தனை?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து நான் ஒருநாளும் கட்டைப் பார்த்து எண்ணியதில்லை. இரண்டு பேர், இரண்டு பேரும் பார்க்க, ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்விட்டு. ஷிஃப்ட் மாற்றி உன்னை விடுவிக்க ஒருத்தி வந்தால் அப்போதும் ஒருமுறை. வீட்டுக்குப் போகும் அவசரத்தில்தான் எண்ணிக்கை தப்பும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில். கருவிப் பெயர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதே. வெட்டுவது, இறுக்கிப் பிடிப்பது, திசுவைப் பிடிப்பது, விலக்கிப் பிடிப்பது, தைப்பது என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொள், முனையைப் பார். திசுவைப் பிடிக்கும் இடுக்கிகளில் ஆலிஸுக்குப் பல் இருக்கும், பாப்காக் வளைந்து வழுவழுப்பாக இருக்கும். ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவளுக்கு நோட்டு தேவைப்படாது. முதல் வாரம் ஒரே ஒரு டிரேயை முழுதாகத் தெரிந்துகொள், போதும். கூர்மையானவற்றைக் கைக்குக் கை கொடுக்காமல் கிட்னி டிரேயில் வைத்து நகர்த்து.

மயக்கமா? வெறும் வயிற்றோடு போகாதே. முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதே, கெண்டைக்கால் தசையை அடிக்கடி இறுக்கி விடு. கண் இருட்டுவது போல இருந்தால் மேசையை விட்டுப் பின்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிடு. ஸ்டெரைல் மேசை மேல் விழுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் இதற்கும் வாயைத் திறந்து, ‘எனக்குத் தலை சுற்றுகிறது’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பார்த்தாயா, எங்கே சுற்றினாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறது.

கோபக்காரர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அவசரத்தில் கத்துகிறவரை விட்டுவிடு. கருவியை வீசுகிறவர் என்றால் அன்றே தியேட்டர் இன்சார்ஜிடம் எழுத்தில் கொடு. அதை அடக்கம் என்று பொறுத்துப் போனால், உனக்கு அடுத்து வரும் பெண்ணின் மேல் விழும்.

வேலைக்குச் சேரும் முன் இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. தினமும் ராத்திரி, உன் அம்மாவை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகு: “என் கிளவுஸ் அன்ஸ்டெரைல் ஆகிவிட்டது, மாற்ற வேண்டும்.” முதல் நாள் தொண்டையில் சிக்கும். அம்மாவுக்கும் எதற்காக இது என்று புரியாது, அந்த ஹெர்னியா கேஸைப் பற்றி அவரிடமும் சொல். அம்மா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். என்னைவிட அதிகமாகத் திட்டினால் நான் அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று அர்த்தம், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்து எனக்கு எழுது. எந்த சர்ஜன் பாராட்டினார் என்பதெல்லாம் வேண்டாம். எத்தனை முறை கிளவுஸ் மாற்றினாய் என்று மட்டும் எழுது. ‘ஒருமுறைகூட இல்லை’ என்று எழுதினால் நம்ப மாட்டேன்.