வளர்ப்பு மீன்குஞ்சை ஆற்றில் விட்டால் ஆற்று மீன் பெருகுமா?

குளத்திலும் ஆற்றிலும் குஞ்சு விட்டால் மீன் கூடத்தானே வேண்டும், அதில் என்ன கெடுதல் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும், ஆனால் கூடுவது எந்த மீன் என்று பார்க்க வேண்டும்.

தொட்டியில் வளரும் குஞ்சுக்கு நேரத்துக்குத் தீனி கிடைக்கும், கொக்கும் விராலும் துரத்தாது, அதனால் ஆற்றில் செத்துப்போக வேண்டிய பலவீனமான குஞ்சும் அங்கே தப்பிப் பெரிதாகி, பிறகு ஆற்று மீனோடு கூடி அந்தப் பலவீனத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்ற ட்ரவுட் வகை மீனை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள்: பண்ணையில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் இனம் பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைந்தது. இது என்னை உண்மையிலேயே பயமுறுத்திய கணக்கு.

நம் இலங்கைப் பக்கம் கதை வேறு. இங்கே விடுவதில் பெரும்பகுதி வெளியூர் இனம். கட்லா, ரோகு குளத்துத் தேங்கிய நீரில் பெருகாது, அதனால்தான் திரும்பத் திரும்பக் குஞ்சு விடுகிறார்கள். திலாப்பியா அப்படியில்லை. 1952இல் இலங்கைக்கு வந்தது, குஞ்சை வாயில் வைத்தே காக்கும், உவர்நீரும் தாங்கும். மாரியில் மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் மட்டக்களப்பு வாவி வரைக்கும் போய்விடும், அப்புறம் யார் பிடித்துத் திருப்பிக் கொண்டுவருவது?

சரி, விடவே கூடாதா? சேனாநாயக்க சமுத்திரம் போன்ற குளங்களில் வலை போடுகிறவர்களுக்குத் திலாப்பியாதான் சோறு, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஓடும் ஆற்றில் விடுவதென்றால், அதே ஆற்றில் பிடித்த தாய்மீனின் குஞ்சையே விடுங்கள், அதுவும் ஆண்டுதோறும் புதிதாகப் பிடித்த தாய்மீனாக இருக்கட்டும்.