வார்டுல ஹேண்ட்ஓவர் குடுக்குறேன், வீட்டுல குடுக்க முடியல

மேடம், வணக்கம். எனக்கு 34 வயசு, ரெண்டு குழந்தைங்க. ரொம்ப நாள் ஆசப்பட்டு இப்போ நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். பகல்ல கிளாஸ், இல்லன்னா வார்டு போஸ்டிங், ஃபீஸ் கட்டணும்ங்கறதால வாரத்துல மூணு நைட் ஒரு முதியோர் இல்லத்துல வேல. வீட்டுக்காரர் நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனா "யூனிஃபார்ம் எங்க இருக்கு, மருந்து எவ்ளோ குடுக்கணும்"னு ஃபோன் வந்துட்டே இருக்கும், நானும் வார்டுக்கு வெளிய ஓடி வந்து பதில் சொல்லிட்டு ஓடுவேன்.

போன வாரம் ஒரு பாட்டிக்கு பல்ஸ் பாத்தேன். கைய பிடிச்சுட்டு வாட்ச்சயே பாத்துட்டு இருக்கேன், ஒரு நிமிஷம் முடிஞ்சிடுச்சு, எத்தனன்னு கேட்டா தெரியாது, எண்ணவே இல்லன்னு அப்பதான் உறைச்சுது. மறுபடி எண்ணி எழுதிட்டேன், யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அது ஊசி மருந்தா இருந்திருந்தா?

இன்னொண்ணு சொல்லணும். என் 5 வயசு பொண்ணு பொம்மைய படுக்க வெச்சு போர்வை போத்தி "ஷ்ஷ், அம்மா தூங்குறா, யாரும் பேசாதீங்க"ன்னு விளையாடுறா. கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டேன். முதுகு வலி, தலவலி, பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போகுது, டியூட்டில பாத்ரூம் போக நேரமில்லன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. ஊருக்கெல்லாம் ஹெல்த் எஜுகேஷன் குடுக்குறவ நான்! படிப்ப விட்டுடலாமா மேடம்? நான் சோம்பேறியா, இல்ல எனக்கு இதுக்கெல்லாம் லாயக்கில்லையா?

இப்படிக்கு,
தூக்கம் தொலைச்சவ

பதில்:

அந்த சோம்பேறிங்கற வார்த்தைய மொதல்ல தூக்கிப் போடுங்க மா. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா நம்ம கவனம், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவரோட கவனம் மாதிரி ஆயிடும்னு 1997லயே ஆராய்ச்சில காட்டிட்டாங்க. காலைல 6 மணிக்கு எழுந்து, கிளாஸ் முடிச்சு, அப்படியே நைட் டியூட்டிக்கு போனீங்கன்னா ராத்திரி 11 மணிக்கே நீங்க அந்த நிலைமைல இருக்கீங்க, அதுக்கு மேல உடம்பு சூடு எறங்கி மூளை ரொம்ப மந்தமாகுற அந்த விடிகாலை 3, 4 மணி வேற பாக்கியிருக்கு. பல்ஸ எண்ணாம விட்டது உங்க குணமில்ல, உங்க தூக்கக் கணக்கு. கண்டுபிடிச்சு மறுபடி எண்ணினீங்க பாருங்க, அதுதான் உங்க குணம்.

மொதல்ல ஒரு டாக்டர பாருங்க. ரத்தசோகை, தைராய்டு ரெண்டுமே இதே மாதிரி சோர்வ குடுக்கும், பீரியட்ஸ் தள்ளிப்போறதையும் சொல்லிடுங்க. எல்லாத்தையும் மனசு மேல போடுறது எங்க மனநலத் துறைல இருக்கிற கெட்ட பழக்கம். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பில்லாம இருந்தாலோ, வாழவே வேணாம்னு ஒரு நினப்பு எட்டிப்பாத்தாலோ காத்திருக்காதீங்க, அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லுங்க, டாக்டரையும் பாருங்க.

இப்போ உங்க லெட்டர்ல என்ன உறுத்தினது எதுன்னா அந்த ஃபோன்தான். வார்டுல டியூட்டி முடிஞ்சா பெட் பெட்டா நின்னு ஹேண்ட்ஓவர் குடுக்குறீங்க, அதுக்கப்புறம் அந்த பேஷன்ட் அடுத்த ஷிஃப்ட்டோட பொறுப்பு, நீங்க வீட்டுலேர்ந்து ஃபோன் பண்ணி மேற்பார்வை பாக்குறதில்ல. வீட்டுல மட்டும் அந்த ஹேண்ட்ஓவர் நடக்கவே இல்ல. வேலய அவர் செய்றார், ஆனா ஞாபகம் வெச்சுக்குற வேல மொத்தமும் உங்ககிட்டயே இருக்கு, அதுதான் உங்கள தின்னுது. ஒருநாள் உக்காந்து எது எங்க, எந்த மருந்து எத்தன மில்லி, ஸ்கூல்ல என்னிக்கு என்னன்னு எல்லாத்தையும் எழுதி அலமாரி கதவுல ஒட்டிடுங்க. அப்புறம், இதுதான் கஷ்டம், அவர் செய்றத திருத்தாதீங்க. சாக்ஸ் ஜோடி மாறிப் போனா போகட்டும், உயிர் போற விஷயமில்ல.

தூக்கத்துக்கு வருவோம். நைட் முடிஞ்சு நேரா கிளாஸ் போறத எப்படியாவது நிறுத்துங்க. மூணு நைட்ட ரெண்டாக்க முடியுமா, இல்ல கிளாஸ் இல்லாத நாளுக்கு முந்தின ராத்திரிக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க, காலேஜ்லயும் உங்க கோஆர்டினேட்டர்கிட்ட நிலைமைய சொல்லுங்க. பாடத்த ரெண்டு செமஸ்டர் நீட்டி முடிக்க வழி இருந்தா அது தோல்வி இல்ல. முழுசா விடுறத பத்தி நல்லா தூங்கி எழுந்த ஒரு நாள்ல யோசிங்க, நைட் முடிஞ்ச காலைல எடுக்கிற முடிவ நான் நம்ப மாட்டேன். டியூட்டிக்கு முன்னாடி ஒரு குட்டித் தூக்கம் போடுங்க. காபி நைட் முதல் பாதியோட போதும், குடிச்சதுல பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புலதான் இருக்கும். வண்டிய நீங்களே ஓட்டுறீங்கன்னா, கண்ணு சொருகுதுன்னு தெரிஞ்ச உடனே ஓரமா நிறுத்தி 20 நிமிஷம் தூங்குங்க, இதுல விளையாடாதீங்க. வீட்டுக்கு வந்து கண்ணு சொருக சொருக நோட்ஸ் படிக்காதீங்க, படிச்சது மனசுல பதியிறதே தூங்கும்போதுதான். தண்ணி விஷயத்துக்கு நான் ஒண்ணும் சொல்லல, ஒரு ஷிஃப்ட்டுக்கு உங்க பேர்ல, எவ்ளோ தண்ணி உள்ள போச்சு, எவ்ளோ சிறுநீர் வெளிய போச்சுன்னு எழுதுற ஒரு இன்டேக் அவுட்புட் சார்ட் போட்டு பாருங்க, அந்த பேஷன்ட்ட பத்தி சிஸ்டர்கிட்ட என்ன ரிப்போர்ட் பண்ணுவீங்கன்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் அந்த பொம்மை. அவ உங்கள குறை சொல்லல மா, அம்மாவ தூங்க வெச்சு காவல் காக்குறா. அடுத்த தடவ பொம்மைய எடுத்துட்டு அந்த எடத்துல நீங்க போய் படுங்க, போர்வைய அவளே போத்தட்டும். ரெண்டே நிமிஷத்துல நெஜமாவே தூங்கிட்டீங்கன்னாலும் விளையாட்டு கெட்டுப் போகாது.