ரிப்பீட்டரை எந்த அறையில் வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டு இணையத்தைக் கூடுதல் அறைகளுக்குக் கொண்டு செல்லும் வைஃபை ரிப்பீட்டர் குறித்து வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது பழைய மூன்று கட்டு வீடு. இணைய இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் ரூட்டரை வாசல் பக்கத்துக் கூடத்தில் பொருத்திவிட்டுச் சென்றார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகளின் அறை கடைசிக் கட்டில் இருக்கிறது. அங்கே வைஃபை எட்டவில்லை என்பதால் ஒரு ரிப்பீட்டர் வாங்கி, அவள் மேசைக்குப் பக்கத்திலேயே பொருத்தினோம். இப்போது கைபேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. ஆனாலும் இணைய வகுப்பு அடிக்கடி நின்றுபோகிறது. கருவி பழுதானதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் அதன் இடத்தை மாற்றிப் பாருங்கள். கைபேசியில் தெரியும் கோடுகள், கைபேசிக்கும் அது இணைந்திருக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள சிக்னலை மட்டுமே காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் வாசல் கூடத்து ரூட்டருக்கும் இடையே என்ன நிலைமை என்பது அவற்றில் தெரியாது. ரூட்டர் சொல்வதைக் கேட்டு மறுபடி சொல்வதுதான் ரிப்பீட்டரின் வேலை. கடைசிக் கட்டில் உங்கள் கைபேசிக்குச் சரியாகக் கேட்காத சிக்னல், அதே இடத்தில் மாட்டியிருக்கும் ரிப்பீட்டருக்கும் சரியாகக் கேட்காது; அது அரைகுறையாகக் கேட்டதை உரத்த குரலில் திருப்பிச் சொல்கிறது. கோடுகள் நிறைந்திருந்தும் வகுப்பு நின்றுபோவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே தவறைப் பற்றியவை என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியுடன் குறிப்பிடுவார்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இதை அளந்து காட்டும் இலவசச் செயலிகள் பல உள்ளன. எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது என்று பொருள். ரூட்டருக்கு அருகில் நின்றால் -30 முதல் -40 வரை காட்டும். காணொளி அழைப்பு தடங்கலின்றி நடக்க -67 அல்லது அதைவிட வலுவான சிக்னல் வேண்டும். -80ஐத் தொட்டால் இணைப்பு இருந்தும் பயனில்லை. இந்த அளவுகோலில் ஒவ்வொரு 10 எண் இறக்கத்துக்கும் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே -60 கிடைக்கும் இடத்தோடு ஒப்பிட்டால், -80 கிடைக்கும் இடத்துக்கு வருவது நூறில் ஒரு பங்குதான். ரிப்பீட்டரை -60 முதல் -65 வரை கிடைக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது ரூட்டருக்கும் சிக்னல் எட்டாத அறைக்கும் நடுவே, சில வேளைகளில் ரூட்டர் பக்கமாகச் சற்றுத் தள்ளியே அமையும்.

உங்கள் வீட்டின் அமைப்பே இதற்கு உதவக்கூடும். பழைய தஞ்சாவூர் பாணி வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் தடிமனானவை. ஒவ்வொரு சுவரைக் கடக்கும்போதும் அலை பெருமளவு தேய்ந்துபோகும். ஆனால் இத்தகைய பல வீடுகளில் வாசற்கதவில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு தெரியும்படி நிலைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். நடுவில் முற்றம் திறந்த வெளியாக இருக்கும். அந்த நேர்கோட்டில் அலை சுவர்களில் மோதாமல் வெகுதூரம் செல்லும். ஆகவே முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், வாசல் கூடமும் பின்கட்டு நிலையும் இரண்டுமே கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தில் மழைச்சாரல் படாத பிளக் பாயின்ட் இருந்தால், ரிப்பீட்டரை அங்கே மாட்டிவிட்டு மகளின் அறையில் மறுபடி சோதித்துப் பாருங்கள். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் பின்னால் மாட்ட வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பிவிடும். தண்ணீர் அலையை உறிஞ்சும் என்பதால் மீன்தொட்டியின் பக்கமும் கூடாது. தரையோரப் பிளக்கைவிட, சுவிட்ச் போர்டு இருக்கும் நெஞ்சளவு உயரம் நல்லது. தேர்ந்தெடுக்கும் பிளக் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்தடையின்போது ரூட்டர் மட்டும் ஓடி, ரிப்பீட்டர் அணைந்துபோனால் பின்கட்டுக்கு இணையம் இருக்காது.

கேள்வி: பாஸ்வேர்டு கொடுக்காமலேயே கருவிகளை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் பொத்தானை ரிப்பீட்டரிலும் ரூட்டரிலும் பலமுறை அழுத்திவிட்டேன். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறதே தவிர, இணைப்பு ஏற்படவில்லை. கைபேசி வழியாக அமைக்கலாம் என்று முயன்றால் அமைப்புப் பக்கமே திறக்க மறுக்கிறது. எப்படி அமைப்பது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் ரிப்பீட்டரை ரூட்டர் இருக்கும் அதே அறைக்குக் கொண்டு வாருங்கள், இணைப்பை அங்கே முடித்துவிட்டுப் பிறகு உரிய இடத்துக்கு மாற்றுவதுதான் முறை. மின்சாரம் கொடுத்தபின் விளக்கு நிலைபெறும் வரை ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள். ரூட்டரின் டபிள்யூபிஎஸ் பொத்தானை அழுத்திய பிறகு இரண்டு நிமிடம் மட்டுமே அது புதிய கருவிக்காகக் காத்திருக்கும். அந்த நேரத்துக்குள் ரிப்பீட்டரின் பொத்தானையும் அழுத்த வேண்டும். ஆயினும் இணைய நிறுவனங்கள் கொடுக்கும் ரூட்டர்கள் சிலவற்றில் இந்த வசதி முடக்கப்பட்டிருக்கும் என்பதால், கைபேசி வழியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அமைப்புப் பக்கம் திறக்காமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம் கைபேசியின் மொபைல் டேட்டா. புதிய ரிப்பீட்டர் தன் பெயரில் ஒரு வைஃபையை ஒலிபரப்பும். ஆனால் அதற்கு இன்னும் இணையம் கிடைத்திருக்காது. நீங்கள் அதில் இணைந்ததும், இதில் இணையம் இல்லை என்று உணரும் கைபேசி உங்களிடம் கேட்காமலேயே மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுகிறது. நீங்கள் தட்டச்சு செய்யும் முகவரி ரிப்பீட்டருக்குப் போவதற்குப் பதிலாக வெளியே போய்விடுகிறது. எனவே மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ரிப்பீட்டரின் வைஃபையில் இணைந்து, கருவியின் அடிப்பக்க ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும் முகவரியை உலாவியில் கொடுங்கள். அது 192.168.0.254 என்பது போன்ற எண்ணாகவோ ஒரு சிறு பெயராகவோ இருக்கும். திறக்கும் பக்கத்தில் முதலில் நிர்வாகப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கச் சொல்லும். பிறகு அருகிலுள்ள வைஃபைகளின் பட்டியலைக் காட்டும். உங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்தெடுத்து அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இங்கே முக்கியம்.

பட்டியலில் உங்கள் வைஃபை வரவே இல்லையென்றால், வைஃபை இயங்கும் அலைவரிசைகளில் ரிப்பீட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்ததாகவும் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒலிபரப்புவதாகவும் இருக்கலாம். பெயர் தெரிந்து, பாஸ்வேர்டும் சரியாக இருந்து, இணைய மறுத்தால் ரூட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். அது டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைக்கப்பட்டிருந்தால் பழைய ரிப்பீட்டர்களால் இணைய முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலைக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். ரூட்டர் அருகில் 90க்கு மேல் வருகிறது. மாடியில் ரிப்பீட்டர் வழியாகச் சோதித்தால் 20ஐத் தாண்டவில்லை. பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறார்களே, என்னை ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பெட்டியில் இருக்கும் எண் பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அது ஆய்வுக்கூட நிலையில் காற்றில் செல்லக்கூடிய உச்ச வேகம், உங்கள் கைக்கு வரும் வேகம் ஆகாது. இழப்பின் பெரும்பகுதிக்குக் காரணம் ரிப்பீட்டர் வேலை செய்யும் விதம். ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டரில் ஒரே ஒரு ரேடியோதான் இருக்கிறது. அது ஒரு நேரத்தில் கேட்கலாம் அல்லது பேசலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. ரூட்டரிடமிருந்து ஒரு தகவல் துண்டை வாங்கி, அதே சேனலில் (அலைவரிசைக்குள் உள்ள ஒரு பிரிவு) உங்கள் மடிக்கணினிக்கு மறுபடி அனுப்ப வேண்டியிருப்பதால், ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது, வேகம் பாதியாகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையும், ஏறத்தாழ அதே அலைவரிசையில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பும் சேரும்போது மிச்சம் இருப்பதிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. அந்தக் கணக்கில் 20 எம்பிபிஎஸ் என்பது குறைகூற முடியாத அளவு. தெளிவான காணொளி ஒன்றுக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் போதும்.

கூடுதல் வேகம் தேவையென்றால் இரட்டை அலைவரிசை ரிப்பீட்டருக்கு மாறலாம். அது ரூட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் உங்கள் கருவிகளோடு 2.4 கிகாஹெர்ட்ஸிலும் பேச முடியும் என்பதால் இரட்டைப் பயணத்தின் இழப்பு குறைகிறது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தை ஊடுருவுவதில் பின்தங்கியது. கம்பி கட்டிய தளம் குறுக்கே இருக்கும் மாடிக்கு இந்த உபாயம் எப்போதும் பலிப்பதில்லை. மாடிப்படி வழியாக அலை ஏறிச் செல்லும்படி படியின் திருப்பத்தில் ரிப்பீட்டரை மாட்டுவது பல வீடுகளில் நல்ல பலன் தரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றை ரூட்டரில் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: புதிய ஃபைபர் இணைப்பு வந்தபின் பழைய ரூட்டர் பரணில் கிடக்கிறது. அதையே ரிப்பீட்டராகப் பயன்படுத்த முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முடியும். அந்த ரூட்டர் வரைக்கும் ஒரு லேன் கேபிள் (கருவிகளைக் கம்பி வழியாக இணைக்கும் கேபிள்) இழுக்க வழியிருந்தால், கடையில் விற்கும் ரிப்பீட்டரைவிடச் சிறப்பாகவே வேலை செய்யும். முந்தைய பதிலில் சொன்ன இரட்டைப் பயணம் இங்கே இல்லை. தகவல் கேபிளில் வந்து காற்றில் ஒரே முறை செல்கிறது. கேட்6 என்ற வகை லேன் கேபிளை 100 மீட்டர் வரை தயங்காமல் இழுக்கலாம் என்பதால் எந்தச் சாதாரண வீட்டுக்கும் இது போதும். என்னைக் கேட்டால், சுவரில் துளையிடச் சம்மதிக்கும் வீட்டாருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

பழைய ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் மூன்று மாற்றங்கள் செய்ய வேண்டும். வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்கும் டிஎச்சிபி என்ற வசதி புதிய ரூட்டரில் மட்டுமே இயங்க வேண்டும். பழையதில் அதை அணைத்துவிடுங்கள். இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்கினால், வீட்டில் சில கருவிகளுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது, காரணமும் எளிதில் பிடிபடாது. அடுத்து, பழைய ரூட்டரின் சொந்த முகவரியை மாற்றுங்கள்; இரண்டுமே 192.168.1.1 என்று இருந்தால் மோதும், ஆகவே பழையதற்கு 192.168.1.2 என்று கொடுக்கலாம், அந்த எண்ணைப் புதிய ரூட்டர் வேறு கருவிக்கு வழங்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் உங்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் ஒரு முனையைப் புதிய ரூட்டரின் லேன் துளையிலும் மறுமுனையைப் பழைய ரூட்டரின் லேன் துளையிலும் செருகுங்கள். வெளி இணைய இணைப்புக்காக வேறு நிறத்தில் இருக்கும் ‘வான்’ (WAN) துளையைத் தொட வேண்டாம். சில ரூட்டர்களில் ‘அக்சஸ் பாயின்ட்’ என்று ஒரு நிலை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேலைகளில் பெரும்பகுதியை அதுவே செய்துகொள்ளும்.

கேள்வி: ரிப்பீட்டருக்கு ரூட்டரின் பெயரையே வைக்கலாமா, வேறு பெயர் வைக்க வேண்டுமா? பாதுகாப்புக்காகக் கவனிக்க வேண்டியவை உண்டா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசுபவராக இருந்தால் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வசதியானது. ஆனால் எந்தச் சிக்னலுக்கு எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது கைபேசிதான். சில கைபேசிகள் பழைய சிக்னல் மிகவும் நலிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால் ரிப்பீட்டருக்கு வேறு பெயர் வைத்து நீங்களே மாற்றிக்கொள்வது மேல். ஓரிடத்திலேயே இருக்கும் தொலைக்காட்சி, அச்சுப்பொறி போன்றவற்றுக்கும் தனிப் பெயர் உதவும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ரூட்டருக்கு நீங்கள் எடுக்கும் கவனம் அனைத்தும் ரிப்பீட்டருக்கும் தேவை. அடுத்த வீட்டுச் சுவர் வரை உங்கள் சிக்னலைக் கொண்டுபோவது அதுதான். நிர்வாகப் பாஸ்வேர்டு ‘அட்மின்’ என்று இருந்தால் இன்றே மாற்றுங்கள். பொத்தான் வழி டபிள்யூபிஎஸ் தவிர, எட்டு இலக்க எண் வழி டபிள்யூபிஎஸ் என்றும் ஒன்று உண்டு. அந்த எண்ணை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியும் என்பது 2011ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது. அமைப்புப் பக்கத்தில் அதை அணைத்துவிடுங்கள். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ரிப்பீட்டருக்குள் உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு பதிந்திருக்கிறது. அதை வேறொருவருக்குக் கொடுக்கவோ விற்கவோ நேர்ந்தால், மின்சாரத்தில் இருக்கும்போதே ரீசெட் துளைக்குள் ஓர் ஊசியைச் செருகிப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்ததைப் பார்த்த பிறகே கொடுங்கள்.