3,850 ரூபாய்க்காக மொத்தக் கணக்கும் முடங்கினால் என்ன செய்வது?

கேள்வி: இளம்பிள்ளையில் சேலை எடுத்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். பணம் பெரும்பாலும் யுபிஐயில் என் சேமிப்புக் கணக்குக்கு வரும். போன வாரம் கணக்கு முடங்கிவிட்டது. உள்ளே 1,42,000 ரூபாய் இருக்கிறது. வங்கியில் கேட்டால், “வேற மாநில சைபர் கிரைம் போலீஸ் நிறுத்தச் சொல்லியிருக்காங்க. 3,850 ரூபாய் மோசடிப் பணம் உங்க கணக்குக்கு வந்திருக்கு. அங்கேயே பேசிக்கோங்க” என்கிறார்கள். அந்தப் பணத்துக்கான சேலையை நான் அனுப்பிவிட்டேன். 15,000 ரூபாய் கொடுத்தால் மூன்று நாளில் திறந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? இதற்கிடையில் பேமென்ட் கேட்வே (வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) வழியாக வந்த 6,200 ரூபாயும் ‘டிஸ்ப்யூட்’ என்று நிற்கிறது.

பதில்: கொடுக்க வேண்டாம். அந்த ஆளைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் இன்றே ஒரு வேலை இருக்கிறது. முடங்கிய கணக்கின் க்யூஆர் கோடை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். இப்படிப்பட்ட முடக்கத்தில் பெரும்பாலும் பணம் வெளியே போவதுதான் நிற்கும், உள்ளே வருவது நிற்காது. புது ஆர்டருக்கு வாடிக்கையாளர் அனுப்பும் பணமும் போய் மாட்டிக்கொள்ளும். கேட்வேயிலும் விற்பனைத் தளங்களிலும் இந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இதே கணக்கிலிருந்து கடன் தவணை போகிறதென்றால், அது திரும்பிவருவதற்கு முன்பே கடன் கொடுத்தவர்களுக்கு எழுதித் தெரிவித்து, வேறு வழியில் கட்டிவிடுங்கள்.

நடந்தது என்னவென்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். உங்கள் பெயரைச் சொல்லி யாரும் புகார் கொடுத்திருக்க வாய்ப்பு குறைவு. எங்கோ ஒருவர் இரண்டு லட்சம் ஏமாந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்திருப்பார். அவர் பணம் முதலில் ஒரு வாடகைக் கணக்குக்கு (மோசடிக்காரர்கள் காசு கொடுத்துப் பயன்படுத்தும் பிறர் கணக்கு) போய், அங்கிருந்து பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். அதில் ஒரு துண்டு உங்களிடம் சேலை வாங்கியிருக்கிறது. 2021 முதல் இயங்கும் மத்திய உள்துறையின் புகார் அமைப்பு, பணம் போன வழியை முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று வங்கி வங்கியாகத் தொடர்ந்து போகும். அந்தச் சங்கிலியில் கடைசியில் நிற்பவர் திருடனின் கூட்டாளியா, சேலை விற்றவரா என்று அதற்குத் தெரியாது. பணத்தை இழந்தவருக்கு இந்த வேகம் தேவைதான். ஆனால் 3,850-ஐப் பிடித்து வைத்தால் போதும் என்கிற இடத்தில் 1,42,000-ஐயும் பூட்டிவிட்டு, எந்த ஸ்டேஷன், எந்தப் புகார் என்றுகூடச் சொல்லாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது அநியாயம். “அங்கேயே பேசிக்கோங்க” என்பது ஒரு பதிலே ஆகாது.

சந்தேகத் தொகையை மட்டும் பிடித்து வைத்து மீதியைப் பயன்படுத்த விடுவதை வங்கியில் ‘லீன்’ என்பார்கள். மொத்தக் கணக்கிலிருந்தும் எடுக்க முடியாமல் நிறுத்துவது ‘டெபிட் ஃப்ரீஸ்’. உங்களுக்கு நடந்திருப்பது இரண்டாவது. ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, “முடக்கத்தை 3,850 ரூபாய்க்குச் சுருக்குங்கள்” என்பதுதான். கணக்கை முழுவதும் விடுவியுங்கள் என்று எடுத்ததுமே கேட்டால், விசாரணை முடியட்டும் என்று சொல்லிவிடுவார்கள், மாதங்கள் ஓடும். சுருக்கச் சொன்னால் மறுப்பதற்குக் காரணம் கிடைக்காது. 2023-லேயே கேரள உயர் நீதிமன்றம், போலீஸ் குறிப்பிட்ட தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ளும்படி வங்கிகளுக்குச் சொன்னது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதே போன்ற ஒரு வழக்கில், சந்தேகத் தொகையை இருப்பில் வைத்துக்கொண்டு கணக்கை இயக்க அனுமதித்தது. டெல்லியில் தெருவோரம் சோலே பட்டூரே விற்கும் ஒருவர் 105 ரூபாய்க்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் கிளைகளில் பழைய பழக்கம் மாறவில்லை.

வங்கிக்கு வாய்வார்த்தையாகப் போய்ப் பயனில்லை. கிளை மேலாளர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம் அல்லது சைபர் பிரிவு, அதிகாரியின் மின்னஞ்சல், சந்தேகத் தொகை, அது வந்த தேதி, அந்தப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள தனி அடையாள எண்), போட்டிருப்பது லீனா டெபிட் ஃப்ரீஸா என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். போலீஸ் அனுப்பிய கடிதத்தின் நகலையும் கேளுங்கள். கடிதத்தின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால் கிளையின் மின்னஞ்சலுக்கும் புகார்களைக் கவனிக்கும் வங்கியின் நோடல் அதிகாரிக்கும் அதையே அனுப்புங்கள். அனுப்பிய தேதியே சாட்சி.

யூடிஆர் எண் கிடைத்ததும் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியைத் தேடுங்கள். யுபிஐ என்றால் அது 12 இலக்கம். அந்த வரியில் பணம் அனுப்பியவரின் பெயரும், சேலை ஆர்டர் செய்தவரின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அதை மறைக்க வேண்டாம், கடிதத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஆதாரங்களை ஒரே பிடிஎஃப்பாகச் சேருங்கள். அந்த வரி குறியிடப்பட்ட ஸ்டேட்மென்ட், பில், எண்ணும் தேதியும் தெரிகிற வாட்ஸ்அப் உரையாடல், கூரியர் ரசீது, டிராக்கிங் பக்கத்தில் ‘டெலிவர்டு’ என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் மொத்த வியாபாரியிடம் சேலை எடுத்த பில், ஜிஎஸ்டி அல்லது உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று, பான் நகல். டிராக்கிங் விவரம் சில மாதங்களில் கூரியர் தளத்திலிருந்து மறைந்துவிடலாம், எனவே இன்றே எடுத்து வையுங்கள். உரையாடலை அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம். பில் போடாமல் விற்றிருந்தால் இப்போது பழைய தேதியிட்டு ஒரு பில் தயாரிக்கவே கூடாது. பில் இல்லாதது சின்னக் குறை. பொய்ப் பில் குற்றம்.

இந்த பிடிஎஃப்போடு விசாரணை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பிலேயே ஒப்புகை எண், யூடிஆர், தொகை, கணக்கின் கடைசி நான்கு இலக்கம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ கடிதம் பார்க்கிற அதிகாரி தலைப்பைப் பார்த்துத்தான் திறப்பார். உள்ளே பத்து வரிக்கு மேல் வேண்டாம். என்ன விற்றீர்கள், எப்போது அனுப்பினீர்கள், பணம் அனுப்பியவரைத் தெரியாது, முடக்கத்தை 3,850-க்குச் சுருக்கும்படி வங்கிக்கு எழுதுங்கள், ஆதாரத்தைப் பார்த்து அதையும் விடுவியுங்கள். அவ்வளவுதான். நகல் உங்கள் வங்கிக்கும், அந்த மாநிலத்தின் குறைதீர் அதிகாரிக்கும் போக வேண்டும். அவர்களின் தொடர்பு விவரம் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் மாநில வாரியாக இருக்கிறது. அச்செடுத்து ஸ்பீடு போஸ்ட்டிலும் ஒன்று அனுப்புங்கள்.

இப்போது அந்த 15,000 ரூபாய் ஆளுக்கு வருகிறேன். கணக்கு முடங்கியவர்களைச் சுற்றி இன்று ஒரு கூட்டமே பிழைக்கிறது. இவர்கள் உங்களிடம் பணம் மட்டும் கேட்பதில்லை; ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங் கடவுச்சொல், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை என்று கேட்பார்கள். சிலர் போலீஸ் லெட்டர்பேடில் போலித் தடையில்லாச் சான்று தயாரித்து வங்கிக்கு அனுப்பிவிடுவார்கள். வங்கி அதைச் சரிபார்க்கிற நாளில், சாட்சியாக இருக்க வேண்டிய நீங்கள் போலி ஆவணம் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். வழக்கறிஞர் வேண்டுமென்றால் வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, ரசீது கொடுத்து, எந்த ஊர் நீதிமன்றம் என்று சொல்பவரிடம் போங்கள். ‘மூன்று நாள்’ என்று யார் வாக்குக் கொடுத்தாலும் அவர் ஏமாற்றுக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை, போனில் வரும். “நான்தான் விசாரணை அதிகாரி, 3,850-ஐ இந்த யுபிஐக்குப் போடுங்க, உடனே எடுத்துவிடுறேன்” என்று அடையாள அட்டைப் படத்தோடு பேசுவார்கள். ஏமாந்தவர் நான்தான் என்று அழுதுகொண்டும் ஒருவர் அழைக்கலாம். அவர் உண்மையானவராகவே இருந்தாலும் அவருக்கு நேராகப் பணம் அனுப்பாதீர்கள். சேலையும் போய், 3,850 லீனிலும் இருந்து, இன்னொரு 3,850-ஐயும் இழப்பீர்கள். தொகை சிறியது, விட்டுக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தால், லீனில் இருக்கிற பணத்தை நீதிமன்ற அல்லது போலீஸ் உத்தரவின்படி புகார்தாரரின் கணக்குக்கு அனுப்ப ஆட்சேபம் இல்லை என்று வங்கிக்கும் போலீஸுக்கும் எழுதிக் கொடுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். வீடியோ காலில் கைது என்று மிரட்டினால் துண்டித்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தந்திரம், முடங்குவதற்கு முன்பே வரும். 3,850-க்குப் பதில் 13,850 அனுப்பிவிட்டு, “தப்பா போட்டுட்டேன், பத்தாயிரத்தை இந்த நம்பருக்கு அனுப்புங்க” என்பார்கள். நம்பர் வேறாக இருக்கும். நல்ல மனதோடு திருப்பி அனுப்பினால் திருட்டுப் பணத்தைக் கடத்திய அடுத்த கண்ணி நீங்கள்தான். அனுப்பியவர் தன் வங்கியில் சொல்லி எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள். உங்கள் வங்கிக்கும் அன்றே எழுதிவிடுங்கள்.

பணத்தைக் கணவர் கணக்குக்கோ அம்மா கணக்குக்கோ வாங்கலாமா என்று அடுத்து நினைப்பீர்கள். வேண்டாம். தினமும் இரவில் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள் என்கிற யோசனையும் ஊரில் உலவுகிறது. அந்தச் சங்கிலி அடுத்த அடுக்குக்கும் போகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. வீட்டுச் செலவுக் கணக்கும் சேர்ந்து முடங்கியவர்கள் உண்டு. வியாபாரத்துக்குத் தனியாக ஒரு நடப்புக் கணக்கு வைத்து, கேட்வே வழியாக வாங்குவதுதான் நல்லது. கேட்வேயில் பணம் முதலில் அவர்களின் எஸ்க்ரோ கணக்குக்குத்தான் (உங்களுக்குத் தரும்வரை பணத்தை இடையில் வைத்திருக்கும் கணக்கு) வருகிறது. சந்தேகம் வந்தால் பெரும்பாலும் அந்த ஒரு பரிமாற்றத்தோடு நின்றுவிடும்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் வங்கியின் குறைதீர் பிரிவுக்குப் போங்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்; உதவி எண் 14448. ஆனால் அவர் வங்கியின் தவறைத்தான் கேட்பார். விவரம் தரவில்லை, போலீஸ் 3,850 என்று எழுதியும் வங்கி மொத்தத்தையும் முடக்கியது என்றால் அங்கே பலன் உண்டு. போலீஸே மொத்தக் கணக்கையும் முடக்கச் சொல்லியிருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது நீதிமன்றம்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில்தான் போலீஸ் பெரும்பாலும் கணக்கை முடக்குகிறது. முடக்கியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. முறைப்படி 503-ஆம் பிரிவில், முடக்கச் சொன்ன காவல் நிலையம் இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அங்கே போனால், எஃப்ஐஆரே பதிவாகவில்லை, 1930 புகார் மட்டும்தான் இருக்கிறது, நீதிமன்றத்தில் கோப்பே இல்லை என்பார்கள். இந்தச் சந்தில்தான் பலர் சிக்குகிறார்கள். அதனால்தான் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு (அரசு அமைப்பின் செயலை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போடுகிறார்கள். உங்கள் வங்கிக் கிளை தமிழ்நாட்டில் இருப்பதால் இங்கேயே போடலாம். 1,42,000-க்கு அது தகும். வெறும் 3,850 லீனுக்குத் தகாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட புகார்கள் இருக்கலாம். மோசடிக்காரர் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று வாடகைக் கணக்கிலிருந்து உங்களிடம் வாங்கியிருந்தால், குஜராத்திலிருந்து ஒன்று, தெலங்கானாவிலிருந்து ஒன்று என்று தனித்தனி ஒப்புகை எண்கள் இருக்கும். ஒரு ஸ்டேஷனிலிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கினாலும் மற்றது அப்படியே நிற்கும். கிளையில் திரையில் முதலில் தெரிவதை மட்டும் சொல்லிவிடுவார்கள். அதனால் முதல் கடிதத்திலேயே “என் கணக்கின் மேல் உள்ள எல்லாப் புகார்களின் பட்டியல்” என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் கேளுங்கள், ஏனெனில் பழைய பரிமாற்றத்துக்குப் புதிதாகப் புகார் வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் தனி யூடிஆர், தனி ஆர்டர், தனி பிடிஎஃப். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கலந்து அனுப்பினால் எந்த அதிகாரியும் தன்னுடையது என்று எடுக்க மாட்டார். விடுவித்த பின்னும், எந்தப் புகாரின் லீன் எந்தத் தேதியில் நீங்கியது என்று வங்கியிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

கேட்வேயில் நிற்கிற 6,200 முற்றிலும் வேறு விஷயம். வாடிக்கையாளர் தன் வங்கியில் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார். கேட்வே மின்னஞ்சலில் பதிலுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். அது தாண்டினால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். காரணம் என்ன என்று முதலில் பாருங்கள். ‘நான் பணம் கட்டவே இல்லை’ என்பதாக இருந்து, பணம் ஓடிபியோடு கார்டில் வந்திருந்தால், இழப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியின் பக்கம் போகும். ‘பொருள் வரவில்லை’ என்றால் டெலிவரிச் சான்று வேண்டும், அதில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் போதாது, முழு முகவரியும் பெற்றவர் கையெழுத்தும் உள்ள நகலைக் கூரியரிடம் கேட்டு வாங்குங்கள். ‘சொன்னது போல இல்லை’ என்றால் விற்பதற்கு முன் நீங்கள் அனுப்பிய சேலையின் படம், அளவு, நிற விவரம், திரும்பப் பெறும் விதி ஆகியவற்றை இணையுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாளுக்குள் எல்லாவற்றையும் கேட்வே தளத்திலேயே ஏற்றிவிடுங்கள். மின்னஞ்சலில் மட்டும் அனுப்பினால் பல நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை.