உழவர் கேள்வி பதில்: கழனியில் கார்பன் காசு

கேள்வி: குடியாத்தம் பக்கம் இரண்டு ஏக்கர் கழனி, போர் பாசனம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வைத்தால் கார்பன் பணம் வரும் என்று ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறார்கள். உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் கட்டியே நிற்கும் சேற்றில் காற்று புகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளிவிடும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் தெற்காசியாவுக்குத் தந்த அளவு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ. 110 நாளில் சுமார் 93 கிலோ. பலமுறை காயவிட்டால் அதில் 45 சதவீதம், அதாவது 42 கிலோ குறையும். ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஏக்கருக்குப் பிரித்தால் போகத்துக்கு அரை டன்னைக்கூடத் தொடாது. ஒரு டன் குறைந்தால்தான் ஒரு கிரெடிட், அதாவது விற்கக்கூடிய ஒரு சான்று. உங்கள் இரண்டு ஏக்கரும் சேர்ந்து போகத்துக்கு ஒரு கிரெடிட்டை எட்டினால் பெரிது. அதிலும் சரிபார்ப்புச் செலவும் நிறுவனத்தின் பங்கும் கழியும். ஏக்கருக்குப் பல்லாயிரம் என்பவரிடம் இந்தக் கணக்கை வைத்துக் கேளுங்கள்.

ஆனாலும் செய்யுங்கள். போர் ஓடும் நேரம் குறைவதே இந்தப் பக்கத்தில் பெரிய வருமானம்.

கேள்வி: எப்போது பாய்ச்சுவது என்று தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாயை எப்படிப் பதிப்பது?

பதில்: 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய். கீழ்ப்பாதியில் 2 செ.மீ. இடைவெளிவிட்டுச் சுற்றிலும் 5 மி.மீ. துளை போட்டு, அந்தப் பாதியை வரப்போரம் சமமான இடத்தில் இறக்குங்கள். உள்ளிருக்கும் மண்ணை அடிவரை அள்ளிவிட வேண்டும். தண்ணீர் நிற்கும்போது உள்ளும் வெளியும் ஒரே மட்டம் காட்டாவிட்டால் துளை அடைத்திருக்கிறது.

நட்ட இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். களை அதிகமென்றால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடவே கூடாது, பதர் விழும். யூரியாவைத் தண்ணீர் வற்றிய கழனியில் போட்டு உடனே பாய்ச்சுங்கள். போட்ட கையோடு காயவிட்டால், பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடும். மீத்தேனில் மிச்சம்பிடித்த கணக்கை அது தின்றுவிடும்.

பெரும்பாலும் கெடுவது சமன் செய்யாத கழனிதான். மேட்டில் களை, பள்ளத்தில் ஓயாத தண்ணீர், குழாய் சொல்வது பொய். எலி வளை உள்ள வரப்பும் அப்படியே.

கேள்வி: பல வருடமாக ஒற்றை நாற்று முறையில்தான் நடுகிறேன், தண்ணீரும் கட்டுவதில்லை. எனக்கும் உண்டா?

பதில்: கிடைக்காது. திட்டம் வந்த பிறகு குறைந்த அளவுக்குத்தான் கிரெடிட். முன்பே நல்லது செய்தவருக்கு இது அநியாயமாகப் படும், எங்களுக்கும் அப்படித்தான், விதி இப்படி.

கேள்வி: ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: எத்தனை வருடம், உங்கள் பங்கு எத்தனை சதவீதம், சரிபார்ப்புச் செலவு யார் தலையில், நடுவில் விலகினால் என்ன. இவை எழுத்தில் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். முன்பணமும் தர வேண்டாம். ஒரே சர்வே எண்ணை இரண்டு திட்டத்தில் சேர்த்தால் இரண்டும் தள்ளுபடியாகலாம். கூட்டுப் பட்டாவானால் பங்காளிகளின் சம்மதமும், குத்தகையானால் நிலக்காரர் சம்மதமும் எழுதி வாங்குங்கள். தண்ணீர் விட்ட தேதி, வடித்த தேதி, குழாய் மட்டத்தின் போட்டோ, எல்லாம் அன்றன்றே பதியப்பட வேண்டும். சரிபார்க்க வருபவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.