விண்வெளியில் புரதப் படிகம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: விண்வெளியில் படிகம் ஏன் நன்றாக வளர்கிறது?

பதில்: புரதத்தின் வடிவத்தைப் பார்க்கத்தான் அதைக் கரைசலில் படிகமாக வளர்க்கிறோம். படிகம் வளர வளர, சுற்றியுள்ள கரைசலிலிருந்து புரதத்தை எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் கரைசல் நீர்த்து, லேசாகி, மேலே எழும்பும். தரையில் இப்படிக் கிளம்பும் ஓட்டம் புதுப் புரதத்தையும் கூடவே அழுக்கையும் படிகத்தின் மேல் கொண்டுவந்து கொட்டுகிறது. விண்வெளியில் அந்த ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. மூலக்கூறுகள் மெல்ல விரவி வருவதால் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. படிகங்கள் அடியில் போய்க் குவிந்து ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஆனால் புரதம் சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்குப் புரதத்துக்கு ராக்கெட் தேவையில்லை.

கேள்வி: அங்கே ஈர்ப்பே கிடையாதா?

பதில்: விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்திலும் தரையில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் உண்டு. நிலையமும் உள்ளே இருப்பவையும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை.

கேள்வி: மருந்துக்கு உதவியிருக்கிறதா?

பதில்: மெர்க் நிறுவனம் 2017இல் பெம்ப்ரோலிசுமாப் என்ற புரத வகைப் புற்றுநோய் மருந்தை அனுப்பிப் பார்த்தது. மேலே வளர்ந்த துகள்கள் 39 மைக்ரானை ஒட்டி ஒரே சீராக இருந்தன. தரையில் 13, 102 என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டன.

கேள்வி: ஈர்ப்பில்லாத இடத்தில் கரைசல் எப்படி...

பதில்: இரண்டாவது கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: வெட்டிச்செலவு! 2000இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவே தாக்கம் மிகக் குறைவு என்றது. இப்போது புரத வடிவத்தைக் கணினியிலேயே கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டும் வந்துவிட்டது.

பதில்: அந்த அறிக்கையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் ஆல்ஃபாஃபோல்டு தருவது கணிப்பு. நொதியில் ஹைட்ரஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க நியூட்ரான் கற்றை வேண்டும். அதற்குப் பெரிய படிகம் வேண்டும், ஒரு கன மில்லிமீட்டர் என்றால் சௌகரியம். விண்வெளிக்கு வேலை இருப்பது அங்கேதான்.

அதே நபர்: ஓட்டத்தை நிறுத்த தரையில் அகரோஸ் ஜெல் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) போதுமே?

பதில்: சரியான அடி. நானும் முதலில் ஜெல்லில்தான் போடுவேன். அதில் வளராமல் அடம்பிடிப்பதை மட்டும் மேலே அனுப்பலாம். அப்போதும் அதே கரைசலில், அதே நாளில், தரையில் ஒரு ஜோடிச் சோதனை கட்டாயம். அது இல்லாமல் ‘விண்வெளியில் நன்றாக வந்தது’ என்றால் நம்ப மாட்டேன்.

கேள்வி: பளிங்கு மாதிரி படிகம் கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: முதலில் ஊசியால் அழுத்துங்கள். புரதம் மெத்தென்று உதிரும், உப்பு கடுக்கென்று உடையும். நான் மூன்று வாரம் கொண்டாடிய ஒன்று கடுக்கென்றது. பாஸ்பேட்டும் கால்சியமும் ஒரே துளியில் இருக்கிறதா, பாருங்கள்; இருந்தால் உங்களுடையதும் உப்பாக இருக்கலாம்.