அண்ணன் இறந்ததும் தம்பி ஏன் வாத்தியார் ஆனார்?

கேள்வி: ஸ்காட்லாந்தின் மெக்கன்சி குலத்தின் வரலாற்றைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். 1611-ல் கின்டெய்ல் பிரபு இறந்ததும் அவர் தம்பி ரோரி மெக்கன்சி ‘கின்டெய்லின் ட்யூட்டர்’ ஆனார் என்று வருகிறது. ‘ஆசிரியர்’ என்று எழுதிவிட்டேன். ஆனால் அவர் யாருக்கும் பாடம் நடத்தியதாகத் தெரியவில்லையே?

பதில்: நடத்தியிருக்க மாட்டார். நமக்கு ட்யூட்டர் என்றதும் ட்யூஷன் வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வருவார். பழைய ஸ்காட்ஸ் மொழியிலும் ஸ்காட்லாந்துச் சட்டத்திலும் இந்தச் சொல், லத்தீனில் அதன் வேரான ‘காத்தல்’ என்ற பொருளை விடாமல் வைத்திருந்தது. நம் ஊர்ப் பத்திரங்களில் ‘மைனருக்காக கார்டியன்’ என்று கையெழுத்துப் போடுகிறவர்தான் அங்கே ட்யூட்டர். ரோமானியச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு இது.

பக்கத்திலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. ட்யூட்டரின் பொறுப்பில் உள்ள பிள்ளையை ‘ப்யூப்பில்’ என்பார்கள். அதை ‘மாணவன்’ என்று எழுதிவிடாதீர்கள். 12 வயது நிரம்பாத பெண், 14 நிரம்பாத ஆண் என்பதுதான் அதன் பொருள். அந்த வயதைத் தாண்டியதும் 21 வரை ‘க்யூரேட்டர்’. இவருக்கும் அருங்காட்சியகத்துக்கும் சம்பந்தமில்லை. ட்யூட்டர் பிள்ளைக்குப் பதிலாகத் தானே செயல்படுவார். க்யூரேட்டர் இருந்தால் பிள்ளையே செயல்படும், அவர் சம்மதம் கொடுப்பார்.

ட்யூட்டராக யார் வரலாம்? தகப்பனார் உயிலில் பெயர் எழுதியிருந்தால் அவர். எழுதாவிட்டால் தந்தைவழியில் மிக நெருங்கிய ஆண் உறவு, அதாவது பங்காளி. அவருக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று 1474-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அப்படியும் யாரும் இல்லையென்றால் அரசு நியமிக்கும். பெண் பொறுப்பேற்றால் ‘ட்யூட்ரிக்ஸ்’. பதவிக்குப் பெயர் ‘ட்யூட்டரி’.

இதில் எனக்குப் பிடித்த இடம் பங்காளி விவகாரம். பிள்ளை இறந்தால் சொத்து பெரும்பாலும் அந்தச் சித்தப்பாவுக்கே போகும். அவரிடமே பிள்ளையையும் ஒப்படைப்பதா? கூடாது என்றது சட்டம். நிலம், வாடகை, கணக்கு வழக்கு எல்லாம் அவர் கையில். பிள்ளை வளர்வது தாயிடமோ வேறு உறவினரிடமோ. பங்காளிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை!

உங்கள் ரோரி, அண்ணன் மகன் காலினுக்காக நிர்வாகத்தைக் கையில் எடுத்தவர். குலத்தலைவர் சிறுவனாக இருந்தால், ட்யூட்டர்தான் நடைமுறையில் தலைவர். அதனால்தான் பட்டம் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ரோரி எவ்வளவு கறாரானவர் என்றால், கின்டெய்ல் ட்யூட்டரைவிட மோசமானவை இரண்டே இரண்டு, வசந்தத்தில் உறைபனியும் கோடையில் மூடுபனியும் என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. பயிர் வைக்கிறவன் சொன்ன சொலவடை என்பது கேட்டாலே தெரிகிறது.

எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். பாடம் சொல்லிக்கொடுப்பவர் என்ற பொருளும் வழக்கில் இருந்தது. ‘இன்ன ஊரின் ட்யூட்டர்’ என்றோ, ‘ட்யூட்டர்களும் க்யூரேட்டர்களும்’ என்று ஜோடியாகவோ, வாடகை ரசீதிலும் வழக்கிலும் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலோ வந்தால் காப்பாளர். லத்தீன், கிரேக்கம், குதிரையேற்றம் என்று பேச்சு போனால் ஆசிரியர்.

உங்கள் நூல் பிற்காலத்தையும் தொடுமானால்: ‘ப்யூப்பில்’ என்ற இந்த வயதுப் பிரிவை 1991-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டு, 16 வயதை எல்லையாக வைத்தது. மனநலக் குறைபாடுள்ள பெரியவர்களுக்காக 1980-களில் நீதிமன்றம் தூசு தட்டி எடுத்த அரசு நியமன ட்யூட்டருக்குப் பதிலாக, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ‘கார்டியன்’ என்பதையே கொண்டுவந்தது.

கின்டெய்ல் வரியை இப்படி எழுதலாம்: ‘அண்ணன் இறந்ததும், சிறுவன் காலினுக்குக் காப்பாளராக ரோரி கின்டெய்லின் நிர்வாகத்தை ஏற்றார்.’ பட்டமாக வரும் இடங்களில் மட்டும் ‘கின்டெய்ல் காப்பாளர்’ போதும்.